டாக்டருக்கு ஜாமீன் நின்றது

அன்று என் சாப்பாட்டுக் கடையில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். மாடியில் வாடகைக்கு இருந்த டாக்டர், முத்திரைத்தாளோடு வந்த, ஆதாரம் என்கிற பத்திரம் எழுதும் எழுத்துக்காரர், எதிரே ஆட்டிறைச்சிக் கடை வைத்திருந்த, எல்லோரும் இக்கா என்று கூப்பிட்ட பாய், என் மனைவி, நான். எண்பதுகளின் தொடக்கம். மட்டாஞ்சேரியில் மழை விட்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆள் வருவதற்குள் காரியத்தை முடிக்க வேண்டும்.

டாக்டருக்கு எர்ணாகுளத்தில் சர்க்கார் ஆஸ்பத்திரி வேலை. ஒருவருடைய சிறுநீரகத்தை இன்னொருவர் வயிற்றில் வைத்துத் தைக்கும் வித்தையைக் கற்க வடக்கே இரண்டு வருஷம் இடம் கிடைத்திருந்தது. சம்பளம் கொடுத்து அனுப்புகிற சர்க்கார் சும்மா அனுப்புமா? திரும்பி வந்து ஐந்து வருஷம் வேலை பார்க்க வேண்டும். நடுவில் விட்டால் முப்பதாயிரம் ரூபாய். அவர் கட்டாவிட்டால் ஜாமீன் நின்றவர்கள் கட்ட வேண்டும். ஜாமீன்காரர்களுக்குச் சொந்த இடமும் வரி ரசீதும் வேண்டும். எனக்கு இருந்தது அந்தக் கடை ஒன்றுதான்.

இன்னொரு ஜாமீன்காரரான இக்காவுக்குக் கவலையே இல்லை. டாக்டர் அவருடைய வாடிக்கை. தினமும் ஆட்டுச் சிறுநீரகம் வாங்கிவந்து, அதன் ரத்தக்குழாயை வெட்டி வெட்டித் தைத்துப் பழகுவார்.

எழுத்துக்காரரை மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன்.

"எந்தா அண்ணாச்சி, ஒரு ஒப்பு போட இத்தர நேரமா?" என்றார் இக்கா.

"ஆறாங்கிளாஸோட நின்னவன் இக்கா. எனக்குப் பேப்பரைக் கண்டாலே பயம்."

"இவருக்கு வெந்நீரைக் கண்டாலும் பயம்தான். நீங்க பேனாவைக் கொடுங்க தம்பி," என்றாள் மனைவி.

கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

டாக்டர் ரயிலேறிய நாளிலிருந்து தபால்காரர் மணி கேட்டால் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். அங்கேயே இருந்துவிட்டால்? வெளிநாடு போய்விட்டால்? வடக்கத்திப் பெண்ணைக் கட்டிக்கொண்டால்? முதல் கடிதத்தில், எடுத்த சிறுநீரகத்தை ஐஸ் தண்ணீரில் அலசுவதுதான் இப்போதைக்குத் தன் வேலை என்று எழுதியிருந்தார்.

"இதுக்கா அத்தனை தூரம்?" என்றாள் மனைவி. "நம்ம மீன் சந்தையில இல்லாத ஐஸா?"

சொன்ன தேதியில் டாக்டர் திரும்பி வந்தார். கடையில் அன்று எல்லோருக்கும் பாயசம். இனி ஐந்து வருஷம் நிம்மதி என்று இருந்தேன்.

ஆனால் ஆஸ்பத்திரியில் அந்த ஆபரேஷனுக்கு வேண்டிய எதுவும் இல்லை. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷின்கூட வரவில்லை. டாக்டருக்குக் கிடைத்ததெல்லாம் குடலிறக்கமும் குடல்வாலும்தான். ஒரு வருஷம் பொறுத்தார். பிறகு மறுபடி இக்காவிடம் ஆட்டுச் சிறுநீரகம் வாங்கத் தொடங்கினார். ஒருநாள் சாப்பிட்ட இலையை மூடிவிட்டு எழாமல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, மெட்ராஸ்ல ஒரு ஆஸ்பத்திரியில கூப்பிடறாங்க. அங்க இந்த ஆபரேஷன் நடக்குது. இங்க இருந்தா கை மறந்துபோகும். ஆனா நீங்க வேண்டாம்னா போகலை."

நான் படகுத்துறை வரை நடந்தேன். முப்பதாயிரம் என்று மனது சொல்லிக்கொண்டே வந்தது. திரும்பி வந்து மாடிக்குப் போனேன். மேஜைமேல் நாலு ஆட்டுச் சிறுநீரகம், நாலிலும் முடிபோல மெல்லிய தையல்.

"போங்க தம்பி," என்றேன். "ஆட்டுக்கே எத்தனை நாள் தைப்பீங்க?"

"எனக்கு வாடிக்கை போச்சு," என்றார் இக்கா.

டாக்டரிடம் பதினெட்டாயிரம் இருந்தது. மீதியில் இக்கா ஆறாயிரம் போட்டார். நான் சேர்ந்திருந்த சிட்டியில், அதுதான் மாதச் சீட்டு, எடுத்து ஆறாயிரம் கட்டினேன். மாதம் முந்நூறு வீதம் இருபது மாதத்தில் எனக்கு அடைப்பதாகப் பேச்சு. ஒன்பது மாதம் மணியார்டர் தவறாமல் வந்தது. பத்தாம் மாதம் கடிதம் மட்டும் வந்தது. முதல்முறையாக அவரே முழுக்கச் செய்த ஆபரேஷன். ரத்தக்குழாயில் போட்ட கிடுக்கியை எடுத்ததும் எல்லோரும் மூச்சுவிடாமல் நின்றார்களாம். "மூத்திரம் வந்தது அண்ணே!" என்று எழுதியிருந்தார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த மாதத்திலிருந்து மணியார்டர் பழையபடி வந்து இருபதாம் மாதத்தோடு நின்றது; கணக்கு முடிந்ததாக அவர் நினைத்துக்கொண்டார். நானும் கேட்கவில்லை. அந்த முந்நூறு ரூபாய் இன்னும் பாக்கி.