ஒன்பதடி ஐந்தரை அங்குலம்

எங்கள் ஊர் மாதா கோயில் மைதானத்தில் என் மச்சான் ஒரே கூடைப்பந்து ஆட்டத்தில் போட்ட நாற்பத்தொரு புள்ளியை முப்பத்தெட்டு வருஷம் யாரும் தொடவில்லை. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். என்னைவிட ஒன்பது மாதம் மூத்தவர். அந்த ஆட்டத்துக்குப் புள்ளி எழுதியவன் நான். பதினெட்டு கூடை, ஐந்து ஃப்ரீ த்ரோ. கூடைக்கு இரண்டாக முப்பத்தாறு, ஐந்தும் சேர்த்து நாற்பத்தொன்று. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓரத்தில் மட்டும் பூச்சி அரித்திருக்கிறது, எண்களை அரிக்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற ஆறாவது வருஷத் திருவிழாப் போட்டியில் அந்தக் கணக்கு உடைந்தது. உடைத்தவன் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். இருங்காட்டுக்கோட்டை கார் ஆலையில் உற்பத்தி லைனில் வேலை. எங்கள் தெருவின் கடைசி வீட்டு மாடியில் ஒரே அறையில் ஐந்து பேராகத் தங்கியிருந்தார்கள். அறை பத்துக்குப் பன்னிரண்டு. ஆளுக்கு இருபத்து நாலு சதுர அடிதானே வருகிறது, எப்படித் தூங்குகிறார்கள் என்று எனக்குக் கவலை. ஷிப்ட் முறையில் தூங்குவதால் ஒரு நேரத்தில் மூன்று பேருக்கு மேல் இருப்பதில்லை என்று பிற்பாடு தெரிந்து கொஞ்சம் நிம்மதியானேன். பையனுக்கு இடது கை ஆட்டம். இறுதி ஆட்டத்தில் நாற்பத்து நாலு போட்டான். அதையும் நான்தான் எழுதினேன்.

அதோடு முடிந்திருந்தால் தொல்லை இல்லை. அந்த வருஷம் வளையத்துக்குப் பின்னால் புதுப் பலகை மாட்டினார்கள். இந்த மைதானம் கண்ட தலைசிறந்த ஆட்டக்காரர் என்று ஒருவர் பெயரைப் பலகையின் மேல் ஓரத்தில் எழுதலாம் என்று ஃபாதர் சொல்லிவிட்டார். ஒரு பெயர்தான், இரண்டு பெயருக்கு இடம் இல்லை.

மச்சானுக்கு அந்தப் பலகை வேண்டும். பெருமைக்காக மட்டும் இல்லை, மருமகனுக்காக. அவருடைய மருமகன் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். காலையில் கேபிளில் அமெரிக்க ஆட்டம் பார்ப்பவர். மச்சான் தம் நாற்பத்தொன்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே அவர் மரியாதையாகச் சிரிப்பார்.

"இருக்கலாம் மாமா. அந்தக் காலத்துல எதிர்ல ஆடுனவங்கல்லாம் குள்ளமா இருந்திருப்பாங்க."

மச்சான் அன்று சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்து என் வீட்டுக்கு வந்தார்.

"குள்ளமாம் மாப்ள. எனக்கு எதிர்ல நின்னவன் ஆறடி ரெண்டங்குலம். நீதானே எழுதின?"

"உயரம் எழுதுகிற வழக்கம் இல்லை மச்சான்."

"இன்னாத்தை எழுதினியோ போ."

மைதானத்து டீக்கடையில் தினமும் இதே பேச்சு. மச்சான் ஒரு பெஞ்சு, லைன் வேலைப் பையன்கள் எதிர் பெஞ்சு. டிவி ஆட்டக்காரர்களைப் பற்றிச் சண்டை வந்தாலும் முடிவில் எங்கள் மைதானத்துக்கே வந்து நிற்கும். இப்போது ஆடுகிற மொட்டைத்தலைக்காரன் பெரியவனா, அறுபதுகளில் ஆடிய நெட்டையன் பெரியவனா என்று ஆரம்பிப்பார்கள். பத்தாவது நிமிஷம் மச்சான் எழுந்து நின்றுவிடுவார்.

"மூணு பாயிண்ட் கோடு எப்ப வந்துச்சு? என் காலத்துல இருந்துச்சா அது? கோயில் மணி கிட்டேருந்து போட்டாலும் ரெண்டுதான். இவன் எட்டு பந்தை அந்தக் கோட்டுக்கு வெளியேருந்து போட்டு இருபத்து நாலு வாங்கிக்கினான். பழைய சட்டப்படி பாத்தா இவன் எவ்ளோ மாப்ள?"

"முப்பத்தாறு."

"கேட்டுக்கோ!"

"அப்பம் புதுச் சட்டப்படி தாத்தாவுக்கு எவ்வளவு?" என்றான் இடதுகைப் பையன். அவன் கேலியாகக் கேட்கவில்லை. அவன் கூட்டாளிகள்தான் சிரித்தார்கள்.

அதற்குப் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. மச்சானின் பதினெட்டு கூடையில் எத்தனை கூடை இன்றைய கோட்டுக்கு வெளியிலிருந்து விழுந்தவை என்று தாளில் இல்லை. அவரையே கேட்டேன்.

"பூவரச மர நெழல்ல நின்னு நாலு போட்டேன்."

"சரியாக நாலா?"

"நாலு போதும் இல்ல? நாப்பத்தஞ்சு வருது பாரு."

ஆட்டம் நடந்த மாலை நாலரை மணிக்கு அந்த நிழல் எதுவரை விழும் என்று பார்க்கலாம் என்றால், சாலையை அகலப்படுத்தியபோது மரத்தை வெட்டிவிட்டார்கள். இரண்டு நாள் இதை நினைத்தே எனக்குத் தூக்கம் கெட்டது. மண் தரைக்கு எவ்வளவு கழிப்பது? வெறுங்காலுக்கு எவ்வளவு கூட்டுவது? தோல் பந்து மழையில் நனைந்தால் கனக்கும், அதற்கு என்ன செய்வது? நோட்டில் பதினொரு தலைப்பு போட்டேன். பதினொன்றுக்கும் எதிரே கேள்விக்குறி.

மூன்றாம் நாள் பையன் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தான். காலை ஷிப்ட் முடித்து, கம்பெனிச் சட்டையோடு வாசலில் நின்றான்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நெனைச்சேன். ஒங்க ரிங்கு தாந்து கெடக்கு."

"என்னது?"

"நான் வந்த புதுசுல போடுத பந்தெல்லாம் ரிங்குக்குப் பின்னால போயி இடிச்சுச்சு. எங்க ஊர்ல அதே போடு உள்ள விழும். ஒரு மாசம் கையை மாத்திப் பழகுனேன். நாப்பத்து நாலைப் பத்தி இவ்வளவு பேசுதாங்க. தாந்த ரிங்குல போட்டதுன்னு நாளைக்கு யாரும் சொல்லிரக் கூடாதுல்லா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. காரணம் உண்டு. முப்பத்திரண்டு வருஷம் நான் எடையளவு ஆய்வாளராக இருந்தவன். சுங்குவார்சத்திரத்திலிருந்து படப்பை வரை எத்தனையோ கடைகளில் படிக்கல்லுக்கும் தராசுக்கும் துணிக்கடை மீட்டர் கோலுக்கும் முத்திரை போட்டவன். என் வீட்டு வாசலுக்கு வந்து அளவு தப்பு என்கிறான்.

அலமாரியிலிருந்து எஃகு டேப்பை எடுத்தேன். டீக்கடை ஏணியை வாங்கி அவனையே ஏறச் சொன்னேன். வளையத்தின் மேல் விளிம்பில் அவன் பிடித்தான், கீழே நான் படித்தேன். பத்தடி இருக்க வேண்டும். கோயில் பக்கத்து வளையம் ஒன்பதடி ஐந்தரை அங்குலம். சாலைப் பக்கத்து வளையம் ஒன்பதடி ஆறே முக்கால்.

இரண்டாம் முறையும் அளந்தேன், மூன்றாம் முறையும் அளந்தேன். தப்பு இல்லை.

எப்படி நடந்தது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஐந்து வருஷம் முன்பு வரை அது மண் தரை. அக்கம்பக்கத்தில் வரிசையாகத் தொழிற்சாலை கட்டிய சமயம், கான்கிரீட் கலவை லாரிகள் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். வேலை முடிந்து லாரியில் மிஞ்சிய கலவையை இறுகுவதற்குள் எங்காவது கொட்டியாக வேண்டும். டிரைவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து மைதானத்தில் கொட்டச் சொன்னோம். இருபத்தேழு லாரி மிச்சத்தில் உருவான தரை அது. லாரிகளை எண்ணியவனும் நான்தான். தரை அரை அடி உயர்ந்தது. கம்பம் நின்ற இடத்திலேயே நின்றது. வளையத்தை ஏற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. லாரியை எண்ணியவன் வளையத்தை அளக்கவில்லை.

விஷயம் டீக்கடைக்குப் போனதும் மச்சான் எழுந்து ஆடாத குறை.

"பொட்டிக்கடைக்காரன் தராசுல அரை மயிரு தப்புன்னா அவன் சோத்துல மண்ணு போடுவ! ஒன் மூக்குக்கு எதிர்ல அரையடி போயிருக்குது! அப்ப இவன் நாப்பத்து நாலு செல்லாது. சரியா?"

"அவனுக்கு அது இடைஞ்சல்தான் மச்சான், சலுகை இல்லை. பத்தடிக்குப் பழகின கை."

"அதெல்லாம் வேற. செல்லாது."

"சரி தாத்தா," என்றான் பையனின் அறைக்கூட்டாளி ஒருவன். "ஒங்க காலத்துல பத்தடி இருந்துச்சுன்னு யாரு அளந்தா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது வேலையில் சேர்ந்த புதிது. கம்பம் நட்டவர்கள் பத்தடி என்றார்கள், நான் எழுதிக்கொண்டேன். அதைச் சொன்னேன். மச்சான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். வளையத்தின் உயரமும் சேர்ந்து பதினொரு தலைப்பு பன்னிரண்டு ஆனது. சட்டம், தரை, பந்து, செருப்பு, நிழல் என்று மாறியதையே எழுதியிருக்கிறேன். மாறாதது ஏதாவது உண்டா என்று யோசித்தேன். ஒன்று இருந்தது. ஃப்ரீ த்ரோ. அன்றும் பதினைந்தடி, இன்றும் பதினைந்தடி. அன்றும் ஒரு புள்ளி, இன்றும் ஒரு புள்ளி. எதிரே தடுக்க ஆள் இல்லை. ஆறடி இரண்டங்குலத்தானும் இல்லை, குள்ளனும் இல்லை. வளையத்தைப் பத்தடிக்கு ஏற்றிவிட்டு ஆளுக்கு இருபத்தைந்து போட்டால் போதும்.

"அறுபத்தஞ்சு வயசு ஆளை இருபத்து நாலு வயசுப் பையனோட நிக்க வெக்கிறீங்க. உங்களுக்கே நல்லாருக்கா?" என்றாள் என் மனைவி. மச்சானிடம் சொன்னபோது அவர் வயதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

"மருமகனுக்கு லீவு என்னைக்கின்னு கேட்டு நாள் வை," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். பூசை முடிந்ததும் ஆலைப் பராமரிப்புப் பிரிவில் இருந்த இரண்டு பையன்கள் வெல்டிங் மெஷினோடு வந்து கம்பத்தில் இரும்பு வைத்து வளையத்தை ஏற்றினார்கள். டேப்போடு நான் கீழே. "இன்னும் கால் அங்குலம்" என்று ஏழு முறை சொன்னேன். "ஐயா, கார் லைன்லகூட இவ்ளோ டைட்டா பாக்க மாட்டாங்கய்யா" என்றான் வெல்டிங் போட்டவன். பெயின்ட் காய்ந்தபோது மணி பன்னிரண்டரை. பையனுக்கு மதிய ஷிப்ட், ஞாயிறு ஓ.டி. கம்பெனி பஸ் ஒன்று பத்துக்கு டீக்கடை முன்னால் வந்து நிற்கும்.

மச்சான் முதலில். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டில் நின்றார். பந்தை இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலை மடக்கி, கால் நடுவிலிருந்து மேலே வீசினார். அந்தக் காலத்து வீச்சு. பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "தாத்தா, கெணத்துலேருந்து தண்ணி எறைக்கிறியா?" என்று ஒருவன் கத்தினான். பந்து உயரமாகப் போய், மெதுவாக இறங்கி, வளையத்தைத் தொடாமல் வலையில் விழுந்தது. மருமகன் வாய் திறந்தபடி நின்றார். இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது தப்பியது. பத்தாவது பந்துக்குப் பிறகு சிரிப்பு நின்றது. பதினைந்துக்குப் பிறகு பந்து உள்ளே விழும்போதெல்லாம் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொன்னது மருமகன்தான். இருபத்தைந்தில் இருபது.

பையன் வந்தான். ஒற்றைக் கை, இடது கை, நெற்றிக்கு மேலிருந்து. ஏற்றிய வளையம் அவன் சொந்த ஊர் வளையம்போல அவனுக்கு ஒத்துக்கொண்டது. இருபத்து நாலு பந்தில் பத்தொன்பது. கடைசிப் பந்து விழுந்தால் சமம். அவன் கையைத் தூக்கும்போது பஸ் வந்து நின்று நீளமாக ஹார்ன் அடித்தது. பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டு வெளியே விழுந்தது.

மச்சான் ஜெயித்துவிட்டார். ஆனால் பஸ்ஸை நோக்கி ஓடியதும் அவர்தான்.

"யோவ் டிரைவரு, எறங்குய்யா கீழ! கரெக்டா அந்த நேரத்துலதான் அடிப்பியா? டேய் தம்பி, வா, அந்த ஒண்ணை மறுபடி போடு!"

"இருக்கட்டும் தாத்தா. பஞ்ச் டைம் ஆயிரும்."

"நான் செல்லாதுன்னு சொல்றேன் இல்ல?"

"ஒங்களுக்கு எல்லாமே செல்லாதுதான்!" என்று சிரித்துக்கொண்டே பையன் படியேறிவிட்டான். ஜன்னல் வழியே கையை மட்டும் ஆட்டினான். பஸ் போன பிறகும் மச்சான் நடுச்சாலையில் பந்தோடு நின்றார். மருமகன் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

"நாப்பத்தொண்ணு இல்ல மாமா, நீங்க அம்பதுகூட போட்டிருப்பீங்க."

"நாப்பத்தொண்ணுதான். இவன் எழுதி வெச்சிருக்கான்," என்று மச்சான் என்னைக் காட்டினார்.

பெயர் எழுத ஆள் வந்தபோது மச்சான் தகராறு செய்தார். ஹார்ன் அடித்து வந்த ஒரு புள்ளிக்குப் பெயர் எழுத விடமாட்டேன் என்றார். எழுதாமல் போய்விடுவார்களோ என்ற பயமும் முகத்தில் இருந்தது. கடைசியில் நான் என் துறை வழக்கத்தைச் சொன்னேன். எந்தத் தராசுக்கும் ஆயுள் முழுதுக்கும் முத்திரை போடுவதில்லை. கெடு முடிந்தால் மறுபடி கொண்டுவந்து சோதித்து முத்திரை வாங்க வேண்டும். பலகையில் பெயின்டால் எழுத வேண்டாம், தகரத்தில் எழுதி இரண்டு திருகாணியில் மாட்டுவோம். ஒவ்வொரு திருவிழாவுக்கும் வளையத்தை அளந்து, இருபத்தைந்து போட்டு, ஜெயித்தவர் தகரத்தை மாட்டுவோம். ஃபாதர் உடனே சரி என்றார்.

அடுத்த வருஷம் பையன் தகரத்தை வாங்கிக்கொண்டான், இருபத்திரண்டு போட்டு. மச்சானுக்குப் பதினெட்டு. அதற்கு அடுத்த வருஷம் மச்சான் திருப்பி வாங்கினார். தகரத்தை மாட்டும்போது பையனே ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

இப்போதெல்லாம் விடிகிற நேரத்தில் படுக்கையில் இருந்தபடி மைதானத்துச் சத்தத்தைக் கேட்கிறேன். மச்சான் தனியாகப் பயிற்சி செய்கிறார். வலையில் விழுந்தால் ஒரு சத்தம், விளிம்பில் பட்டால் வேறு சத்தம். எண்ணாமல் இருக்க முடியவில்லை. நேற்று ஐம்பதுக்கு முப்பத்தொன்பது. மூச்சு வாங்குகிறதோ என்று கவலையாக இருக்கிறது. டீக்கு வரும்போது கேட்டால், "நாப்பத்து மூணு மாப்ள" என்கிறார்.

நான் மறுத்துச் சொல்வதில்லை. திருவிழாவுக்கு இன்னும் பதினேழு நாள்தான் இருக்கிறது. டேப்புக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.