பத்து மணிக்கு முன் கொதிக்காத தண்ணீர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் கல்முனையில் பெண்பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அப்போது வரிப்பத்தான்சேனைக்கு அப்பால் விறகுக்குப் போன இரண்டு பேரைக் காட்டில் வெட்டிப் போட்டிருந்தார்கள். யார் வெட்டியது என்று வாய்திறந்து கேட்க முடியாத காலம். என் கணவர் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். கடை அடுப்புக்கு விறகும் அதே காட்டிலிருந்துதான். அவரே சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். அந்த இரண்டு பேரையும் அடக்கிய மறுகிழமையே விறகுக்குப் போகக் கத்தியைத் தீட்ட உட்கார்ந்தார். எனக்குக் கோபம் வந்தால் கைதான் முந்தும். கோடரியை எடுத்து சைக்கிளின் இரண்டு டயரையும் கொத்திப்போட்டேன்.

“ஒனக்குப் பைத்தியமா புள்ள? கடையில இனி என்னத்தப் போட்டு எரிக்கிற?”

“வெயிலப் போட்டு எரிங்க மச்சான்.”

ஆத்திரத்தில் சொன்னதுதான். சொன்ன பிறகு செய்துகாட்டாமல் விடமுடியவில்லை. ஒரு தார்ப் பீப்பாவை நெடுக்காகப் பிளந்து, தேயிலைப் பெட்டிக்குள் வரும் வெள்ளித்தாளை உள்ளே ஒட்டி, நடுவில் தண்ணீர் நிரப்பிய இரும்புக் குழாயை வைத்தேன். பிள்ளை குளிப்பாட்டும் சூட்டுக்கு மேல் ஏறவில்லை. அவர் சிரித்தார். நான் பீப்பாவை உதைத்ததில் என் பெருவிரல் நகம் பெயர்ந்தது.

பிழை என்னுடையதுதான். அரைவட்டம் வெளிச்சத்தை ஒரு கோட்டில் சேர்க்காது, அங்குமிங்கும் சிந்திவிடும். வகுப்பில் படிப்பித்ததையே மறந்திருந்தேன். சீமெந்துத் தரையில் சோக்குக் கட்டியால் பரவளைவைக் கீறி, பீப்பாத் தகரத்தை அந்தக் கோட்டுக்கு வளைத்தேன். இப்போது நேரே வந்த கதிர்கள் எல்லாம் ஒரே கோட்டில் போய் விழுந்தன. அந்தக் கோட்டில் குழாயை வைத்துக் கறுப்புப் பூசினேன். கறுப்பு வெளிச்சத்தை விழுங்கிச் சூடாக்கித் தண்ணீருக்குக் கொடுத்தது. சூரியன் நகர நகரத் தகரத்தையும் திருப்பவேண்டும், அவ்வளவுதான்.

பத்து மணி தாண்டக் குழாய் வாயால் ஆவி சீறியது. நம்பாமல் அவர் குழாயைப் பிடித்தார். உள்ளங்கை வெந்துபோய் அவர் கத்தியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க விருப்பமில்லை.

இரண்டு மாதம் அவர் காட்டுப் பக்கம் போகவில்லை. ஆனால் கடை படுத்துவிட்டது.

“விடிய சுபஹ் தொழுதிட்டு வாறவங்க தேத்தண்ணி கேக்காங்க. பத்து மணி வரைக்கும் நில்லுங்க எண்டு சொல்லட்டா?”

“சொல்லுங்க. உசிரோட இருந்து சொல்லுங்க.”

அவர் சொல்லிப் பார்த்தார். ஒருவரும் நிற்கவில்லை, எல்லோரும் எதிர்க்கடைக்குப் போனார்கள். மறுபடி காட்டுக்குப் போகும் கதையை எடுத்தபோது பீங்கான் தட்டை எறிந்தேன். அவர் நெற்றி கிழிந்தது. இரத்தத்தைத் துடைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, நான் பள்ளிக்கூடத்தில் நின்ற நேரம், யாரிடமோ சைக்கிள் இரவல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை அவரையும் அவர் வெட்டிய விறகையும் ஒரே டிரக்டரில் கொண்டுவந்தார்கள். கழுத்தில் ஒரு வெட்டு, தோளில் ஒரு வெட்டு. நெற்றியில் இருந்த காயம் மட்டும் நான் போட்டது. அது இன்னும் ஆறியிருக்கவில்லை.

வீட்டு வளவில் அந்த விறகைப் பிளந்து, ஜனாஸாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் சூடாக்க அடுப்பு மூட்டினார்கள். நான் ஓடிப்போய் அடுப்பை உதைத்துத் தள்ளினேன். ஒரு கட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

“உள்ள போ புள்ள. இனி நீ இத்தா இருக்கிற பொம்புள, ஆம்புளைகள்ற கண்ணுல படக் கூடாது” என்றார் அவருக்கு மூத்த, கூடப்பிறந்த காக்கா.

“இந்த விறகால சூடாக்கின தண்ணி அவர்ர மேல படக் கூடாது. கிட்ட வந்தா அடிப்பன்.”

ஒருவரும் கிட்ட வரவில்லை. தகரத்தை வெயிலுக்குத் திருப்பினேன். குழாயில் கொள்வது கொஞ்சம். நாலு தடவை நிரப்பி வாளியில் ஊற்றவேண்டியிருந்தது. வளவு நிறைய ஆட்கள் நின்றார்கள். பாதிப்பேர் சுபஹுக்குப் பிறகு தேத்தண்ணி கேட்டவர்கள். பகல் பன்னிரண்டு மணிவரை காத்துக்கொண்டு நின்றார்கள்.