யார்கிட்டயும் சொல்லிராதீங்கக்கா

நீடாமங்கலம் ரயில்வே கேட்டை மூடினால் எப்போது திறப்பார்கள் என்று சொல்லவே முடியாது. நெல் மூட்டை ஏற்றிய சரக்கு ரயில் வந்துவிட்டால் பள்ளிக்கூடத்து முதல் மணி போனதுதான். நான் ஸ்கூட்டியை அணைத்துவிட்டு ஒரு காலை ஊன்றி நிற்பேன். பின்னால் அவள் உட்கார்ந்திருப்பாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த சின்ன ஆங்கிலப் பள்ளியில் நாங்கள் இருவரும் டீச்சர்கள். நான் அவளைவிட நான்கு வயது மூத்தவள். ஆறு வருடம் ஒரே வண்டியில்தான் போய்வந்தோம்.

முகம் பார்க்காமல் பேசுவதில் ஒரு வசதி உண்டு. கண் கலங்கினால் யாருக்கும் தெரியாது. மாமியாரோடு வந்த சண்டை, அறுவடைக்குக் காத்திருந்த சம்பா மழையில் சாய்ந்தது, மகளின் மூச்சிரைப்பு, எல்லாவற்றையும் அங்கே நின்றபடிதான் அவளிடம் கொட்டினேன். பெரும்பாலும் பேசியது நான். இதை இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன்.

என் இரண்டாவது குழந்தை எட்டாம் மாதத்தில் இறந்தே பிறந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிட்டது. காய்ச்சல் வேறு. வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் படுத்திருந்தேன். பள்ளி விட்டு நேராக வந்தவள் என் முகத்தைப் பார்த்ததும் வெளியே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு பந்து மல்லிகைச் சரம். கதவைச் சாத்தினாள்.

"கையத் தூக்குங்கக்கா" என்று சொல்லி, பூவை மார்பில் வைத்துப் பழைய வேட்டித் துணியால் சுற்றிக் கட்டினாள். பால் வற்ற மல்லிகை வைப்பார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் அன்று அதை நினைத்துப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். கட்டி முடித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"பேரு எதுவும் நெனச்சு வச்சிருந்தீங்களா?"

அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. சொன்னேன். அந்தப் பெயரை அவள் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு எங்கேயும், யாரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை. என் கணவருக்குக்கூட அந்தப் பெயர் தெரியாது.

இரண்டு வருடம் கழித்து ஒரு காலை, கேட் மூடியிருந்தபோது, அவள் என் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டாள். அவள் கணவர் வளைகுடாவில் ஒரு பெரிய கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். கடையை மூடிவிட்டார்களாம். நான்கு மாதமாகக் கட்டடத்தில் சிமெண்ட் மூட்டை தூக்குகிறாராம். மகன் அங்கே மேனேஜர் என்று அவருடைய அத்தா, அவள் மாமனார், தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதனால் மனைவியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

"நேத்து போன்ல அழுதுட்டாங்கக்கா. அவங்க அழுது நான் கேட்டதே இல்ல." தோளிலிருந்து நெற்றியை எடுத்தாள். "யார்கிட்டயும் சொல்லிராதீங்கக்கா."

"நான் யார்கிட்ட சொல்லப்போறேன்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே என் தம்பிக்குப் போன் செய்தேன். அவனும் அதே ஊரில்தான் சூப்பர்வைசராக இருந்தான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவள் எனக்குச் செய்ததற்கு நானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று இருந்தது. நல்ல வேலையாகப் பார்த்துக் கொடுத்துவிட்டு, அவளிடம் சொல்லி அவள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும் என்றுகூடக் கற்பனை செய்தேன்.

தம்பி வெள்ளை மனசுக்காரன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரியாணிப் பொட்டலத்தோடு கட்டடத்துக்கே போய், சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருக்க, "படிச்ச மனுஷன் எதுக்குங்க மூட்டை தூக்குறீங்க? நம்மகிட்ட சொன்னா பாத்துக்க மாட்டமா? எங்க அக்கா சொல்லித்தான் தெரியும்" என்றிருக்கிறான். அங்கிருந்தவர்களில் ஒருவர் நீடாமங்கலத்துக்காரர். சாயங்காலத்துக்குள் செய்தி அத்தாவின் காதுக்கு வந்துவிட்டது.

எங்களிடம் மறைத்துவிட்டு ஊருக்குச் சொல்லியிருக்கிறாயே என்று மாமனார் அவளிடம் கத்தித் தீர்த்தாராம். கணவர் கத்தவில்லை. போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்?" தம்பி ஒரு கடையில் வேலை பேசி வைத்திருந்தான். அவர் அந்தப் பக்கமே போகவில்லை. அதன் பிறகு வீட்டுக்குப் பேசும்போதெல்லாம் நல்லா இருக்கேன் என்பதைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை.

திங்கட்கிழமை அவள் வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. பஸ்ஸில் வந்திருந்தாள். நான்கு நாள் பொறுத்துவிட்டு, இடைவேளையில் காலியாக இருந்த வகுப்பில் அவளைப் பிடித்தேன். கரும்பலகையை அழித்துக்கொண்டே பேசினாள்.

"நல்லதுக்குத்தான் செஞ்சீங்க, தெரியும். ஆனா நான் வேலையா கேட்டேன்? சொல்லிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாப் போதும்னுதானேக்கா சொன்னேன்."

அப்போதாவது தப்புதான் என்று நான் சொல்லியிருக்கலாம். அவள் பக்கத்தில் போய்ச் சும்மா நின்றிருந்தால்கூடப் போதும்.

"உதவி செய்யப் போனது தப்பாப் போச்சா?" என்று கேட்டேன்.

போன் செய்ததைவிட இந்த வார்த்தைதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது. அவள் அழிப்பானை மேஜையில் வைத்தாள். "இல்லக்கா. என் தப்புதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்த வருடப் பரீட்சை முடிந்ததும் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு கீழ்வேளூரில் இருந்த தாய்வீட்டுக்குப் போனாள்.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்காகக் கீழ்வேளூர் போனபோது அவள் வீட்டைக் கேட்டுக் கேட்டுத் தேடிப் போனேன். "வாங்கக்கா, வாங்க" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். டீ போட்டாள், சமோசா வாங்கிவரச் செய்தாள். கணவர் ஊருக்கே வந்துவிட்டார், மளிகைக்கடை வைத்திருக்கிறார், பெரியவள் பத்தாவது. எல்லாம் சொன்னாள். நான் உட்காரப்போன நாற்காலியில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி ஃபைல் ஒன்று இருந்தது. எடுத்து பீரோவுக்குள் வைத்தாள்.

"என்ன அது, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லக்கா, சும்மா செக்கப்."

கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்த மன்னிப்பையும் கேட்காமலேயே பஸ் ஏறினேன்.

நான்கு மாதம் கழித்து, பழைய பள்ளியின் ஆயாம்மாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். அவர் சொல்லித்தான் தெரியும். மார்பில் கட்டி. தஞ்சாவூரில் ஆபரேஷன். ஒன்பது நாள் படுத்திருந்தாளாம். என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று சொல்லியிருந்தாளாம்.

அங்கேயே நின்று போன் செய்தேன்.

"இப்பத் தேவலாம்க்கா. டாக்டர் பயப்பட ஒண்ணுமில்லன்னுட்டாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடி நின்றது. "உங்க மக எப்படிப் படிக்கிறா?" என்று கேட்டாள். நல்லாப் படிக்கிறாள் என்று சொன்னேன்.