ஷூலான் டிரம் அடிக்கிறாள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஷூலான் டிரம்களின் மேல் குளியல் துவாய்களை விரித்து, ஓரங்களை உள்ளே மடித்துச் செருகுவாள். காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் போர்த்திவிடுகிற பக்குவம் அதில் இருக்கும். அதன் பிறகுதான் குச்சிகளைக் கையில் எடுப்பாள். நாங்கள் குடியிருக்கும் நோர்பரியில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் இங்கிருந்தே அவருக்கு ஆறுதல் சொல்லலாம். காலால் உதைத்து அடிக்கும் பெரிய டிரம்முக்குப் பதிலாக ஒரு பழைய சூட்கேஸை வைத்திருக்கிறாள்.

கிற்றார் வாசிப்பவன் சென். அந்தக் கிற்றார் நேரே கணினிக்குள் போய்விடும். அது காதில் ஹெட்ஃபோன் போட்ட அவர்கள் இருவருக்கு மட்டுமே கேட்கும். வீட்டிலுள்ள எங்களுக்குக் கேட்பதெல்லாம் தலையணையை அடிப்பதுபோல ஒரு சத்தமும், சீன மொழியில் சென் தனியே கத்துவதும்தான். கீழே முன்னறையில் குடியிருக்கும் நான், வந்த புதிதில், அதைப் புருஷன் பெண்சாதி சண்டை என்றே நினைத்திருந்தேன். அது ஒரு றொக் இசைக்குழு என்று பிறகுதான் தெரிந்தது. குழு என்றால் அந்த இரண்டு பேர்தான். பாட்டுகளை இணையத்தில் போடுவார்கள். சீனாவில் யாரோ கேட்டுவிட்டு நல்ல வார்த்தை எழுதுவார்கள். ஒரு மேடையிலும் ஏறியதில்லை.

வார நாட்களில் ஷூலான் குறொய்டனில் செயற்கைப் பல் செய்கிறாள். வீட்டுச் சொந்தக்காரி பெர்னடெற் அக்காவின் மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டும் அவள் கைவேலை. ஊரைக் கேட்டால் "வூஹான்" என்று சொல்லிவிட்டு, எதிரே நிற்பவர் ஓரடி பின்வாங்குகிறாரா என்று பார்ப்பாள். மன்னார்க்காரியான அக்கா பின்வாங்காமல், "மீன் சாப்பிடுவியோ பிள்ளை?" என்று கேட்டாராம். அறை அன்றே உறுதியாகிவிட்டது. அக்காவின் குசினியில் பழகிய தமிழ்தான் அவளுடையது. "ஓம்", "ஏலாது", "கொஞ்சம் பொறுங்கோ" என்ற மூன்றையும் வைத்தே பல மாதம் ஓட்டினாள். இப்போது சரளமாகப் பேசுகிறாள். கோபம் வந்தாலும் குரல் உயராது.

அவளும் சென்னும் கலியாணம் செய்தவர்கள். பிறகு விவாகரத்தாகிப் பிரிந்தார்கள். சென் கிங்ஸ்பரிக்குக் குடிபோனான். ஆனால் குழு பிரியவில்லை. ஞாயிறுதோறும் அவன் கிற்றாரோடு வருவான். அவனுடைய சொந்தப் பெயர் போ. வாசலில் வந்து நிற்பவனைப் பார்த்து "போ" என்று சொல்ல அக்காவுக்கு மனம் வரவில்லை. அதனால் எங்களுக்கெல்லாம் அவன் குடும்பப் பெயரான சென்தான்; அக்கா மட்டும் "தம்பி" என்று கூப்பிடுவார். தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து அக்கா இருவருக்கும் சோறு போடுவார். "கட்டினது கட்டினதுதான். சட்டம் என்னத்தையும் சொல்லட்டும்" என்பது அவருடைய நிலைப்பாடு.

போன இலையுதிர் காலத்தில் ஒருநாள் அந்தச் சோற்றுக்கு முன்னால் இருந்துதான் சென் தனக்கு மறுபடி கலியாணம் என்றான். ஆங்கிலத்தில், எங்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னான். பெண் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். அவளுக்கென்று ஒரு பாட்டு எழுதியிருக்கிறான். விருந்தன்று அதைப் பாட வேண்டும். "நீ டிரம் அடிப்பாயா?" என்று ஷூலானைக் கேட்டான்.

அக்கா அகப்பையை வைத்தார். "தம்பி, உனக்கென்ன விசரோ?" என்றார் தமிழில்.

சென் ஷூலானைப் பார்த்தான். அவள் சீனத்தில் ஏதோ சொன்னாள். அவன் யோசித்து, பணிவாக, "ஸ்லோ" என்றான்.

"என்ன சொன்னனீ அவனுக்கு?" என்று அக்கா அதட்டினார்.

"பாட்டு ஸ்லோவோ ஃபாஸ்டோ எண்டு நீங்கள் கேட்கிறீங்கள் எண்டு சொன்னனான்" என்றாள் ஷூலான். பிறகு மீன் முள்ளை எடுப்பதில் கவனமானாள்.

அதன் பிறகு வந்த ஞாயிறுகளில் மேலே சத்தம் குறைந்துகொண்டே போனது. தலையணை அடி விழும். நெடுநேரம் ஒன்றும் விழாது. ஒருநாள் சென் குரலை உயர்த்தினான். சற்று நேரத்தில் ஷூலான் குசினிக்கு இறங்கி வந்து, கழுவிக் கவிழ்த்திருந்த சட்டிகளை எடுத்துத் திரும்பக் கழுவத் தொடங்கினாள். தேத்தண்ணீர் போட்டுக்கொண்டிருந்த நான், "ஏலாது எண்டு சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"பாட்டு நல்லம், அண்ணை. அதுதான் பிரச்சினை" என்றாள். "கூடாத பாட்டெண்டா சொல்லியிருப்பன்."

"மேலே என்ன சண்டை?"

"நான் பாதி அடியை எடுத்துப்போட்டன். அவன் பாட்டு வெறுமையாக் கிடக்கெண்டு சொல்றான். கிடக்கட்டும் எண்டன்." ஒரு சட்டியைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "எங்களைப் பற்றி அவன் நிறையப் பாட்டு எழுதினவன். எனக்கெண்டு ஒண்டும் எழுதேல்லை." சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனாள். அடி திரும்பத் தொடங்கியது.

விருந்துக்கு வரமாட்டேன் என்று அக்கா சத்தியம் செய்தார். அன்றைக்குக் காலையில் பட்டுச்சீலையோடு படியிறங்கி, "வாழ்த்த இல்லை, சும்மா பார்க்கத்தான் வாறன்" என்றார். கிங்ஸ்பரியில் ஒரு சீன உணவகத்தின் மேல்மாடி. வட்ட மேசைகள், முழு மீன்கள், சத்தம் போடும் சொந்தக்காரர்கள். இரவல் வாங்கிய டிரம்களின் திருகாணிகளை ஷூலான் ஒவ்வொன்றாக இறுக்கினாள். வேலைக்குப் போகும் கறுப்புச் சட்டைதான் போட்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விரல்கள் மட்டும் இறுக்கிய திருகாணிகளையே திரும்பவும் இறுக்கின.

சென் தொடங்கினான். இத்தனை காலம் ஒரே வீட்டில் இருந்தும் கிற்றாரையும் டிரம்மையும் குரலையும் ஒன்றாக நான் கேட்டது அன்றுதான். அவள் அதிகம் அடிக்கவில்லை. ஒரு அடி, பிறகு அவன் குரலுக்கு நிறைய இடம். மேசைகளில் பேச்சு அடங்கியது. பாட்டின் நடுவில் அவள் முழுதாக நிறுத்திவிட்டாள். சென்னின் குரல் தனியாக நின்று, மெல்ல நடுங்கி, விழப்போகிற இடத்தில் அவள் உள்ளே வந்து தாங்கினாள். மணப்பெண் கண்ணைத் துடைத்தாள்.

"இவள் ஏன் இவ்வளவு வடிவா அடிக்கிறாள்?" என்று அக்கா என் காதுக்குள் சினந்தார். "கொஞ்சம் பிழையா அடிச்சால் என்ன?"

பாட்டு முடிந்தது. சென் கிற்றாரைக் கழற்றி வைத்துவிட்டு மணப்பெண்ணிடம் போனான். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. ஷூலான் அந்தச் சத்தத்தைச் சற்று நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு குச்சிகள் இரண்டையும் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டு, எல்லோரும் பார்க்கும் பக்கமே பார்த்து, அவளும் கைதட்டினாள்.