முன் சீட்டில் இஸ்ரேல், பின் சீட்டில் பாலஸ்தீனம்

வேன் ஓட்டுகிறவனை ரோடு கொல்லாது; பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள்தான் கொல்வார்கள். ஸ்டியரிங் பிடித்துப் பிழைக்கிற சகோதரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ராமச்சந்திராபுரம் தாண்டி ஒரு சொட்டுநீர்ப் பாசனப் பயிற்சி நிலையம். வெளிநாட்டுக்காரர்கள் வந்து கொண்டாப்பூர் கெஸ்ட் ஹவுஸில் தங்கிப் படிப்பார்கள். அவர்களைக் காலையில் கொண்டுபோய் விட்டு, மாலையில் திரும்பக் கூட்டி வருவது என் வேலை. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இங்கிலீஷ் எல்லாம் வண்டியில் காதில் விழுந்ததுதான். அவர்கள் பேசியதை எனக்குப் புரிந்தபடி தமிழில் எழுதுகிறேன்.

ஒரே அட்டை

ஏர்போர்ட்டுக்குப் போகும்போது ஆபீஸில் இரண்டு பெயர் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு பேரும் துபாயிலிருந்து ஒரே விமானத்தில் வருகிறார்கள். எதற்கு இரண்டு அட்டை என்று பிஸ்கட் பெட்டியைக் கிழித்து ஒரே அட்டையில் எழுதினேன். மேலே ரோனித், இஸ்ரேல். கீழே கலீல், பாலஸ்தீனம். எழுத்து கோணாமல் வந்ததில் எனக்குப் பெருமை வேறு.

முதலில் அந்த அம்மா வந்து நின்றார். பிறகு அந்தத் தம்பி வந்தார். இருவரும் என்னைப் பார்க்கவில்லை, அட்டையையே பார்த்தார்கள். ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்பது மட்டும் எனக்கு விளங்கியது. கடைசியில் கலீல்தான் வாயைத் திறந்தார். "உங்க ஊர்ல அட்டைக்கு அவ்வளவு பஞ்சமா?"

யாதகிரி வண்டி நக்கோ

மறுநாளே கலீல் மேனேஜரிடம் போனார். அவர் தங்கை காசாவில் கட்டிக்கொடுக்கப்பட்டவள். போரில் வீடு மாறி வீடு மாறி ஓடுகிறாள். பல நாளாகப் பேச்சே இல்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் அவள் நம்பரைப் போட்டுக்கொண்டே இருப்பார். "அந்த நாட்டு ஆளோட ஒரே வண்டியில என்னால முடியாது" என்றார். ரோனித்தும் தனியாக வந்து அதையே சொன்னார். அவருடைய அக்கா மகனைக் காசாவிலிருந்து வந்தவர்கள் கொன்றுவிட்டார்களாம்.

மேனேஜர் சுந்தரம் திருச்சிக்காரர், என்னைவிடச் சின்னவர். "ஒருத்தரை யாதகிரி வண்டிக்கு மாத்திடுங்கண்ணே" என்றார். யாதகிரி எங்கள் இன்னொரு வேன் டிரைவர். அவனும் நானும் பேசி ஆறு வருஷம் ஆகிறது. என் பாசெஞ்சரை அவனிடம் ஒப்படைப்பதா? "நக்கோ சார், வேண்டாம்," என்றேன். "ரெண்டு பேரும் என் வண்டியிலதான் வருவாங்க. ஒருத்தர் முன்னாடி, ஒருத்தர் கடைசியில. நான் பார்த்துக்கறேன்." பின்னால் உட்கார்ந்தால் ரோனித்துக்குக் குமட்டும், அதனால் முன் சீட்டு அவருக்கு.

சுந்தரம் என்னையே பார்த்தார். "அண்ணே, இது சமாதானத்துக்கா, இல்ல யாதகிரி மேல இருக்கிற காண்டுக்கா?"

தகர ஷெட்

ஒரு வாரம் வண்டியில் சத்தமே இல்லை. ஒரு நாள் ரோனித் கேட்டார்: "நிலையத்துல ஜெனரேட்டர் ரூம் பக்கத்துல ஷெட் இருக்கே, நீங்க ஏன் வெயில்ல நிறுத்தறீங்க?"

கேட்டதும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஷெட்டுக்குத் தகரம் தேடி, கம்பி நட்டு, கூரை போட்டவன் நான். மகள் கல்யாணத்துக்கு லீவு போட்டுத் திரும்பி வந்து பார்த்தால் உள்ளே யாதகிரி வண்டி. ஆபீஸில் கேட்டால் பொது இடம் என்றார்கள். இதைச் சொல்லி முடித்தேன். கடைசி சீட்டிலிருந்து கலீல், "திரும்பி வந்து பார்த்தா உங்க இடத்துல இன்னொருத்தர். எனக்கு நல்லாப் புரியுது" என்றார். ரோனித் திரும்பாமலே, "அந்த யாதகிரிக்கு வேற இடம் இருந்துச்சா?" என்று கேட்டார். இல்லைதான். அவன் நிறுத்திக்கொண்டிருந்த மரத்தை வெட்டிவிட்டிருந்தார்கள்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். "முதல்ல அது இவர் இடம்னு யாதகிரி ஒத்துக்கணும். பங்கு பேச்செல்லாம் அப்புறம்" என்றார் கலீல். "முதல்ல ராத்திரியில யாதகிரி டயரைக் குத்த மாட்டேன்னு இவர் சொல்லணும்" என்றார் ரோனித். "நான் எப்பம்மா குத்தினேன்!" என்று நான் கத்தினேன். நடு சீட்டிலிருந்த கென்யா நாட்டு அம்மா என் தோளைத் தட்டினார். "டிரைவர், நீங்க ரோட்டைப் பாருங்க. அவங்க பேசறது உங்க ஷெட்டைப் பத்தி இல்ல."

லிங்கம்பள்ளி நெரிசல்

ஒரு மாலை மழை. லிங்கம்பள்ளியில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. கலீலுக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஒரு எஸ்எம்எஸ். தங்கை ஒருவர் வீட்டில் இருக்கிறாளாம், இன்னும் கொஞ்ச நேரம்தான் அங்கே நெட் இருக்குமாம், உடனே கூப்பிடச் சொல்லியிருந்தாள். கலீல் போனில் டேட்டா தீர்ந்திருந்தது. என்னுடையது பட்டன் போன். மற்றவர்கள் எல்லாம் கெஸ்ட் ஹவுஸ் வைஃபையை நம்பியவர்கள். இந்த ஊர் சிம் வாங்கியிருந்தது ரோனித் ஒருத்தர்தான். கலீல் அவரைக் கேட்கவில்லை.

ரோனித் கதவைத் திறந்து மழையில் இறங்கினார். பக்கவாட்டுக் கதவு வழியாக ஏறிக் கடைசி சீட்டுக்குப் போய்க் கலீல் பக்கத்தில் உட்கார்ந்தார். ஹாட்ஸ்பாட் போட்டு, அவர் போனை வாங்கித் தானே பாஸ்வேர்டு அடித்துக் கொடுத்தார். வண்டி அசைந்தால் லைன் அறுந்துவிடுமோ என்று எனக்குப் பயம். நாலு பக்க விளக்கையும் போட்டு நடு ரோட்டில் நின்றுவிட்டேன். பின்னாலிருந்த பஸ் டிரைவர் "கைக்கு ரோக்கா?", ஏன் நிறுத்தினாய் என்று கத்தினார். கத்தட்டும். போலீஸே வந்தாலும் நகர்வதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

ஒரு பெண் குரல் விட்டு விட்டுக் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. கலீல் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உயிரோட இருக்கா. வீடுதான் இல்ல." போனைப் பைக்குள் வைத்துவிட்டு ரோனித்திடம், "நன்றி. ஆனா என் கோபம் போகல" என்றார். ரோனித் ஜன்னலைத் திறந்து, குமட்டலை அடக்கிக்கொண்டு சொன்னார். "என்னுதும்தான் போகல. பாஸ்வேர்டு அப்படியே இருக்கட்டும்."

ஷெட்டு வரைக்கும் போனேன்

பயிற்சி முடிந்தது. ரோனித்துக்கு விடிகாலை விமானம், கலீலுக்கும் ஏறக்குறைய அதே நேரம். ஆனால் அதே நேரத்துக்குக் கிளம்புகிற மற்றவர்களும் அதிகம், பெட்டிகளும் அதிகம். இரண்டு வண்டி இல்லாமல் முடியாது என்றார் சுந்தரம். ரோனித் யாதகிரி வண்டி. என்னால் தடுக்க முடியவில்லை.

ஆனால் பின் சீட்டு அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவனுக்குத் தெரியாதே. சுந்தரத்திடம் சொல்லி அனுப்பியிருக்கலாம், மறந்துவிட்டால்? நானே ஷெட்டுக்குப் போனேன். "நாளைக்கு வர்ற அம்மாவை முன்னாடி உட்கார வை. ரிங் ரோட்டுல பறக்காதே" என்றேன். அவன் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தான். நான் அவனிடம் பேசியதை அவனால் நம்பவே முடியவில்லை. "ஹவ் அண்ணா, சரி, பத்திரமா விடறேன். ஆனா ஷெட் என்னுதுதான்."

கலீலின் படம்

கிளம்பும்போது ரோனித் என் ஜன்னலுக்கு வந்து, "அவர் தங்கைக்கு மறுபடி லைன் கிடைச்சா, எனக்கு ஒரு வரி போடச் சொல்லுங்க" என்றார். ஏர்போர்ட் வாசலில் அதைக் கலீலிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்: "உங்க ஊர்ல இதெல்லாம் என்னைக்காவது தீருமா தம்பி?"

பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வண்டியின் முன்பக்கத்தில் விரித்தார். வயல் படம். "என் நிலத்துக்குள்ள போகவே நான் இன்னும் அனுமதி கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். ஆனா குழாய் எங்கெங்க போகணும்னு வரைஞ்சு வச்சுட்டேன்."

கோபம் தீர்ந்த பிறகுதான் ஏறுவேன் என்றால் எந்த வண்டியும் கிளம்பாது என்பது எனக்கு நன்றாக விளங்கிவிட்டது, ஆனாலும் என் வண்டி மட்டும் இன்னும் வெயிலில்தான் நிற்கிறது.