மனிதக் கைப்பிடி

அந்தக் கட்டடத்துக்குள் நுழைய ஆறு கதவுகள் உண்டு. ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது. சாம்பல் நிறச் சுவர் எழுபது அடிக்கு வழுவழுவென்று ஓடும். அதில் எது கதவு, எது சுவர் என்பது கட்டியவருக்குத்தான் வெளிச்சம். கைப்பிடி கிடையாது, கீல் தெரியாது, 'தள்ளவும்' என்று ஒரு வார்த்தை கிடையாது. "கைப்பிடி வைக்கறது வர்றவங்க அறிவை அவமானப்படுத்தற மாதிரி" என்று திறப்பு விழாவில் ஆர்க்கிடெக்ட் சொன்னாராம். அறிவு அவமானப்படாத முதல் வாரத்திலேயே ஒருவருக்கு மூக்கு வீங்கியது. கம்பெனியின் வயதான டைரக்டர் கட்டடத்தை மூன்று முறை சுற்றிவிட்டு, யாரோ வேண்டுமென்றே தன்னை வெளியே நிறுத்திவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மேனேஜர் பொறுத்துப் பார்த்து ஒரு காகித அம்புக்குறியை ஒட்டினார். ஆர்க்கிடெக்ட் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, அதை நகத்தால் சுரண்டி எடுத்து, பிள்ளைக்கு அடிபட்டதுபோல் சுவரைத் தடவிக்கொடுத்தார்.

அம்புக்குறி கூடாது, எழுத்து கூடாது. ஆள் கூடாது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அந்த இடுக்கில் வேலைக்கு வந்தவர்தான் நம்மவர். ஆபீசில் அவருக்குப் பெயர் 'இப்படிவாங்க'. காலையிலிருந்து மாலைவரை அவர் வாயிலிருந்து வருவது அது ஒன்றுதான்.

அவர் பிழைப்பே வழி காட்டும் பிழைப்பு. இளவயதில் தியேட்டர் இருட்டில் டார்ச் அடித்து சீட் காட்டினார். படியோரத்தில் குட்டி விளக்குகள் வந்தன, டார்ச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பிறகு ஐந்து மாடிக் கடையில் லிஃப்ட் ஓட்டினார். ஜனங்கள் தாங்களே பொத்தானை அமுக்கப் பழகிக்கொண்டார்கள். "நீங்க போய் நிக்கற இடத்துல எல்லாம் ஆளே தேவையில்லாம போயிடுது. என்ன ராசியோ!" என்பாள் மனைவி. ஐம்பத்துநாலு வயதில் மறுபடி ஒரு வேலை கிடைத்தபோது, கைப்பிடி வைக்க மறுத்த அந்த மகானை அவர் மனசார வாழ்த்தினார். இது போனால் இனி ஒன்று கிடைக்காது என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வேலையில் ஆள் கெட்டிக்காரர். வழி தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, வராத போனைக் காதில் வைத்துப் பேசுகிறவர்களை இருபது அடி தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். யாராவது உள்ளே போனால் பின்னாலேயே நுழைந்துவிடலாம் என்று ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுகிறவர்களையும் தெரியும். அவர்கள் மானம் போகாதபடி பக்கத்தில் போவார். விரலை நீட்டமாட்டார்; உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். தோள் உயரத்தில் மெல்ல ஒரு தட்டு, கதவு திறக்கும்.

இப்படியே இரண்டு வருஷம் நிம்மதியாகப் போனது. அதற்குப் பிறகு வந்தது அந்தப் பத்திரிகை. வருஷத்துக்கு ஒருமுறை 'இருபத்தைந்து புதிய கண்டுபிடிப்புகள்' என்று பட்டியல் போடும் பத்திரிகை. போன வருஷம் அதில் உட்கார முடியாத ஒரு நாற்காலி இருந்தது. கிழிசலுக்கு உத்தரவாதம் கொடுத்து விற்ற சட்டை இருந்தது. ஒரு முழுப்பக்க விளம்பரம், வெறும் வெள்ளைத் தாள். என்ன பொருளுக்கு என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லோரும் அசந்துபோனார்களாம். இந்த வருஷம் நம் கட்டடத்தைப் பார்க்க மூன்று நடுவர்கள் வருகிறார்கள் என்று செய்தி வந்தது.

மேனேஜர் அவரைக் கூப்பிட்டார். "அன்னிக்கு நீங்க லீவு எடுத்துக்கங்க. பார்த்தவுடனே தானா புரியற கட்டடம்னு எழுதிக் குடுத்திருக்காங்க. நீங்க நின்னா நல்லா இருக்காது."

"சரிங்க. மறுநாள் வரலாமில்ல?"

மேனேஜர் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "விருது வந்துட்டா உங்களை எப்படிங்க வெச்சிருக்கறது?"

"வரலைன்னா?"

"வரலைன்னா முதலாளி கைப்பிடி வெச்சிடுவாரு."

எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி நமக்குத்தான் என்று அவருக்கு விளங்கியது.

லீவு நாளில் அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. எதிர்ப்புறப் பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். நல்ல மழை. நடுவர்கள் காரிலிருந்து இறங்கினார்கள். அவர்களை வரவேற்க ஆர்க்கிடெக்ட் வாயெல்லாம் பல்லாக வெளியே வந்தார். பின்னால் கதவு ஓசையில்லாமல் மூடிக்கொண்டது. அவர் திரும்பினார். சுவர்தான் இருந்தது.

முதலில் ஒரு இடத்தைத் தட்டினார். நகர்ந்து இன்னொரு இடத்தைத் தட்டினார். பிறகு, போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்! நம்மவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. நனையட்டும், நன்றாக நனையட்டும் என்று முழுசாக ஐந்து நிமிஷம் ரசித்தார். ஆனால் நடுவர்களில் ஒரு பெண்மணி பையைத் தலையில் பிடித்துக்கொண்டு, ஷூ லேஸைக் கட்டக் குனிந்தார். அதைப் பார்த்ததும் இவருக்குக் கால் நிற்கவில்லை. ரோட்டைத் தாண்டி ஓடினார். "இப்படி வாங்கம்மா" என்று உள்ளங்கையை விரித்தார். கதவு திறந்தது. கூட வந்த போட்டோக்காரர் சட்டென்று ஒரு படம் எடுத்தார்.

"அற்புதம்! இவர் யாரு?" என்றார் அந்தப் பெண்மணி.

தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஆர்க்கிடெக்ட் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இவரும் என் டிசைன்ல ஒரு பகுதிதான். மெட்டல் கைப்பிடிக்குப் பதிலா ஒரு மனுஷனை வெச்சிருக்கேன்."

அவ்வளவுதான். பட்டியலில் ஏழாவது இடம்: 'மனிதக் கைப்பிடி'. உருவாக்கியவர் என்று ஆர்க்கிடெக்டின் பெயர். மனைவி பத்திரிகையை முன்னும் பின்னும் புரட்டினாள். "உங்க மூஞ்சி எங்க?" மூஞ்சி இல்லை, மணிக்கட்டோடு வெட்டி ஒரு கை மட்டும் இருந்தது. அவள் அதையும் உற்றுப் பார்த்தாள். "இது உங்க கையே இல்லையே. நகமெல்லாம் இவ்வளவு பளபளன்னு எப்ப இருந்துச்சு?" சுருக்கத்தையும் நரம்பையும் பத்திரிகைக்காரர்கள் சுத்தமாகத் துடைத்திருந்தார்கள். இருந்தாலும் அவருக்குப் பெருமைதான். வேலை தப்பித்தது என்று அன்று இருவரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

தப்பித்தது வேலைதான், அவரல்ல. வேலையை நிரந்தரமாக்கி, ஆள் எடுக்கும் பொறுப்பை ஒரு விளம்பரக் கம்பெனியிடம் விட்டார்கள். நாற்பது பேர் வந்தார்கள். தன் வேலைக்குத் தானே மனுப் போட்டு, நாற்பத்தோராவது ஆளாக இவரும் வரிசையில் நின்றார்.

அறையில் அந்தப் படம் ஆளுயரத்துக்கு மாட்டியிருந்தது. தேர்வு செய்ய வந்த பெண் அவரைக் கையை நீட்டச் சொன்னாள். கையைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி கையைப் பார்த்தாள்.

"சாரி சார். நாங்க தேடற கை இது இல்லை."

"அம்மா, அந்தப் படத்துல இருக்கறதே என் கைதாம்மா."

"வர்றவங்க எல்லாரும் அதான் சார் சொல்றாங்க" என்று சிரித்தபடி அவர் மனுவை ஓரமாக வைத்தாள்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. டார்ச் போனபோதும் லிஃப்ட் போனபோதும் இப்படி ஆகவில்லை. அப்போதெல்லாம் அவர் தேவையில்லை என்றுதான் சொன்னார்கள், அவர் அவரே இல்லை என்று யாரும் சொன்னதில்லை. வெளியே வந்தார். சுவர் நிறத்திலேயே சட்டையும் பேன்ட்டும் போட்ட ஒரு வாட்டசாட்டமான இளைஞனை, அந்த நாற்பது பேரிலிருந்தே எடுத்து, ஏற்கெனவே நிறுத்தியாகிவிட்டது. பேசக்கூடாது, அசையக்கூடாது என்பது உத்தரவு. சுவரோடு சுவராக அவன் அப்படியே ஒட்டிப்போயிருந்தான்.

அவனைத் தாண்டி, சுவரைத் தடவிக்கொண்டே வந்த ஒருவர், அக்குளில் அந்தப் பத்திரிகையை இடுக்கியிருந்தார். "ஏங்க, கதவு எங்கேன்னு தெரியுமா?" என்றார்.

உள்ளங்கை தானாக விரியப் பார்த்தது. அதைப் பேன்ட் பைக்குள் திணித்துக்கொண்டு, நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக, "தெரியலைங்க" என்றார். எரிந்துகொண்டிருந்த வயிறு கொஞ்சம் குளிர்ந்தது.