விரதத்துக்கு ஆகாத மாத்திரை

தேவாரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அழகுமலையின் டிபன் கடையில் மாவாட்டுவது, சட்னி அரைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அவன் பெண்டாட்டி முத்துலட்சுமி. கடைக்குப் பெயர் மட்டும் அவன் பெயர். இரண்டு வருஷமாக அவளுக்குப் பெருங்குடலில் புண். வயிறு முறுக்கும், ரத்தமாகப் போகும். ஊருக்குத் தெரிந்தால் அவள் கைப் பண்டத்தை எவன் வாங்கித் தின்பான் என்று அழகுமலை அவள் வாயை அடைத்து வைத்திருந்தான். வலியைக்கூட அவள் சத்தமில்லாமல்தான் பட வேண்டியிருந்தது.

தேனியில் ஒரு டாக்டரம்மா கேப்சூலும், தண்ணீரில் கரைத்துக் குடிக்க ஒரு பொடியும் கொடுத்தார். "பொடியில இருக்கிறது குடலுக்கு நல்லது செய்யற கிருமிம்மா, தயிர்ல இருக்கே, அந்த மாதிரி. ஆனா அது துணைக்குத்தான். கேப்சூலைத் திடீர்னு நிறுத்தினா ஆபத்து" என்றார். புண் ஆறத் தொடங்கியது, ரத்தம் நின்றது. அந்த நன்றிக்கு மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டாள், பாவி மகள்.

காப்புக் கட்டிய அன்றைக்கு, அழகுமலையின் அக்கா ராமுத்தாய் செல்போனும் கையுமாக வந்து நின்றாள்.

"ஏத்தா, இந்தக் கேப்சூலோட மேல்கூட்ட மாட்டெலும்பக் காய்ச்சித்தான் செய்றாகளாம். விரதத்துல இதையா முழுங்குவ?"

"நிறுத்தக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாகளே, மதினி."

"பொடி இருக்குல்ல? தயிர்க் கிருமி, சுத்த சைவம். அதை ரெண்டு மடங்காக் குடி" என்று அழகுமலை தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

அவளுக்கும் அது சரியென்றே பட்டது. அம்மனுக்குச் செய்வதைச் சுத்தமாகச் செய்ய வேண்டாமா? கேப்சூல் பரணுக்குப் போனது. திருவிழாவுக்கு முன்பே ரத்தம் திரும்பிவிட்டது. புருஷனிடம் சொன்னாள். "சட்டிய எறக்குற வரைக்கும் பல்லக் கடிச்சுக்க" என்றான்.

தீச்சட்டியோடு கோவில் தெரு திரும்பும்போது அவளுடைய மஞ்சள் சேலை பின்பக்கம் சிவந்தது.

"தீட்டோட சட்டி எடுத்திருக்காடா!"

சட்டியைப் பிடுங்கினார்கள். எவளோ முடியைப் பிடித்து இழுத்தாள். "எனக்குக் கர்ப்பப்பையையே எடுத்தாச்சு! இது குடல் புண்ணு! இவுகளக் கேளுங்க!" என்று கதறினாள்.

பூசாரி அழகுமலையைப் பார்த்தார். கர்ப்பப்பையை எடுத்தபோது ஆபரேஷன் பேப்பரில் கையெழுத்துப் போட்டவன் அவன். கூட இருந்து பார்த்துக்கொண்டவள் ராமுத்தாய். கூட்டத்தில் பாதிப் பேர் அவன் கடையில் சாப்பிடுகிறவர்கள்.

"பொம்பளை விவகாரம். எனக்கென்ன சாமி தெரியும்?" என்றான். ராமுத்தாய் உதட்டைப் பிதுக்கினாள்.

அவள் நின்ற இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, அவளைத் தெருக்கோடி வரைக்கும் நாயைப் போல விரட்டினார்கள். அங்கேயே சுருண்டு விழுந்தாள். கொட்டுச் சத்தம் நிற்கவேயில்லை.

ஆஸ்பத்திரியில் பெருங்குடலையே எடுத்துவிட்டார்கள். வயிற்றில் ஓட்டை போட்டு, மலம் இறங்க ஒரு பை வைத்திருந்தார்கள். கிடா வெட்டெல்லாம் முடிந்த பிறகு அழகுமலை சாவகாசமாக வந்தான். பையைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். ஒரு வார்த்தை கேட்பான் என்று அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டான்.

"அந்தப் பொடி மிச்சம் இருக்குல்ல? ஒனக்கு இனி எதுக்கு, குடலத்தான் எடுத்துட்டாகளே. கெடாக்கறி எனக்கு வயித்தப் பெரட்டுது."

பதிலுக்குக் காத்திராமல் தலைமாட்டில் துழாவி ஒரு பொட்டலத்தைக் கிழித்து, அவள் டம்ளரிலேயே கரைத்துக் குடித்தான்.